பாட்ரிக் மக்கில்: பெயர் வாங்கித் தந்த நாவலா, அதற்கு அடுத்ததா?

கரிசல்வாசி:

பாட்ரிக் மக்கிலின் இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படித்தேன். 1914இல் வந்த ‘சில்ட்ரன் ஆஃப் தி டெட் எண்ட்’, 1915இல் வந்த ‘தி ராட் பிட்’. முதல் புத்தகம்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. லண்டனில் ஹெர்பர்ட் ஜென்கின்ஸ் பதிப்பித்து, பதினைந்தே நாளில் 10,000 பிரதி போயிருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய புத்தகம். இதில் சண்டை போட ஆள் தேடித்தான் இழையைத் திறக்கிறேன்.

ஆளைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் டொனிகால் மாவட்டம். அங்கே கிளென்டீஸ் என்ற சிற்றூர்ப் பக்கம் 1889 கடைசியில் பிறந்தவர் (1890, 1891 என்று போடும் நூல்களும் உண்டு). துண்டு நிலம் வைத்திருந்த குடும்பம், பதினொரு பிள்ளைகள், இவர் மூத்தவர். பத்து வயதோடு பள்ளிக்கூடம் போயிற்று. அப்புறம் ஸ்ட்ரபேன் கூலிச்சந்தை. மே மாதமும் நவம்பர் மாதமும் பையன்களும் பெண்களும் கக்கத்தில் துணிமூட்டையோடு தெருவில் நிற்பார்கள். மூட்டை இருந்தால் ஆள் வேலைக்கு வரத் தயார் என்று அர்த்தம். பண்ணைக்காரர்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்து, விலை பேசி, ஆறு மாதத்துக்கு அழைத்துப் போவார்கள். பன்னிரண்டு வயதில் இவரும் அப்படிப் போனவர். பதினான்கில் உருளைக்கிழங்கு பொறுக்கும் கூட்டத்தோடு கடல் தாண்டி ஸ்காட்லாந்து.

அதன்பிறகு மண்வேலை, அணை வேலை, ரயில் பாதை வேலை. இதற்கு நடுவே கவிதை. ‘கிளீனிங்ஸ் ஃப்ரம் எ நேவீஸ் ஸ்க்ராப்புக்’ என்று 1910–11 வாக்கில் டெர்ரி நகரத்து அச்சகத்தில் சொந்தச் செலவில் அடித்து, ஸ்காட்லாந்தின் கிரீனொக் நகரில் வீடு வீடாகக் கதவைத் தட்டி விற்றார். 8,000 பிரதி விற்றதாகச் சொல்கிறார்கள். அந்தப் புகழில் லண்டன் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ பத்திரிகை வேலை. அது சரிப்படவில்லை. அடுத்தது யாரும் எதிர்பார்க்காத இடம்: வின்ட்சர் கோட்டை. அங்கே டால்டன் என்ற பாதிரியார், ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குச் சிறுவயதில் ஆசிரியராக இருந்தவர், இவரைப் பழைய சுவடிகளைக் கவனிக்க வேலைக்கு வைத்துக்கொண்டார். தெருவோரம் தூங்கியவன் கதையை அரண்மனை மதிலுக்குள் உட்கார்ந்து எழுதினார் என்பது எனக்கு இன்னமும் வியப்புதான்.

பிறகு முதல் உலகப் போர், 1930இல் அமெரிக்கா, 1963 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் ஊரில் மரணம். கென்னடி சுடப்பட்ட அதே வாரம். யார் கண்ணிலும் படாமல் போன சாவு.

சரி, என் வாதம். முதல் நாவலில் டெர்மட் ஃபிளின் தன் கதையைத் தானே சொல்கிறான். அதில் நோரா ரயன் என்ற பெண் வந்து போகிறாள். இரண்டாவது நாவல் அதே கதையை நோரா பக்கம் நின்று சொல்கிறது. ஒரு வருஷத்துக்குள் தன் கதையைத் தானே திருப்பிப் போட்டு, நான் பார்க்காமல் விட்டது இவ்வளவு என்று காட்டுகிற துணிச்சல் எத்தனை எழுத்தாளருக்கு உண்டு?

நூலகக்கிளி:

துணிச்சல் என்று ஏன் சொல்ல வேண்டும்? விற்ற சரக்கை இன்னொரு முறை விற்றார் என்றும் சொல்லலாமே. ஜென்கின்ஸ் கெட்டிக்கார வியாபாரி. முதல் புத்தகம் சூடாக இருக்கும்போதே அடுத்தது வேண்டும் என்று கேட்டிருப்பார்.

நான் இரண்டையும் படித்திருக்கிறேன். ‘ராட் பிட்’டில் நோராவுக்கு நடப்பதெல்லாம் விக்டோரியா காலத்து நாவல்களில் நூறு தடவை நடந்ததுதான். பண்ணையார் மகன் ஆசை வார்த்தை சொல்வான், பெண் ஏமாறுவாள், குழந்தை பிறக்கும், கிளாஸ்கோ தெருவுக்கு வருவாள், கடைசியில் காதலன் வந்து சேரும் நேரத்தில் செத்துப்போவாள். அத்தனை பெரிய கிளாஸ்கோவில் யார் யாரையெல்லாம் தற்செயலாகச் சந்திக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

மக்கில் நல்ல எழுத்தாளர் ஆவது ஒரே இடத்தில்தான்: வேலையை எழுதும்போது. முதல் நாவலில் ஸ்காட்லாந்து மலையில் அணை கட்டும் கின்லோக்லெவன் அத்தியாயங்கள். மற்றதெல்லாம் சுமார்.

வெள்ளோட்டம்:

கின்லோக்லெவன் பேச்சு வந்ததால் நுழைகிறேன். பொதுப்பணித் துறையில் அணைக்கட்டுப் பக்கம் காலம் தள்ளியவன் நான். இலக்கிய அபிப்பிராயம் கேட்காதீர்கள்.

அங்கே கட்டியது பிளாக்வாட்டர் அணை. 1905இல் தொடங்கி 1909இல் முடிந்தது. அலுமினியம் உருக்கும் ஆலைக்கு மின்சாரம் வேண்டும் என்பதற்காக மலைமேல் தண்ணீரைத் தேக்கி, குழாய் வழியாகக் கீழே இறக்கும் திட்டம். அணையின் நீளம் 900 மீட்டருக்கு மேல், உயரம் 27 மீட்டர் அளவு. சுமார் 3,000 பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் இவ்வளவு பெரிய வேலையைப் பெரும்பாலும் மனிதக் கைகளாலேயே முடித்தது அதுதான் கடைசி என்பார்கள். மண்வெட்டி, கடப்பாரை, சம்மட்டி, வெடிமருந்து, அவ்வளவுதான். பாதையே இல்லாத மலை. தகரக் கொட்டகைகளில் ஆட்கள் அடுக்கிப் படுப்பார்கள். சம்பளம் வாங்கிய கையோடு சதுப்புவெளி தாண்டி கிங்ஸ்ஹவுஸ் சாராயக்கடைக்கு நடப்பார்கள். திரும்பும்போது பனியில் விழுந்தவர்கள் பனி உருகிய பிறகுதான் கிடைப்பார்கள்.

அணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடுகாடு இன்னமும் இருக்கிறது. கல்லறைக்கல் எல்லாம் கான்கிரீட்டில் வார்த்தது. ஒன்றில் பெயரே இல்லை, ‘தெரியாதவர்’ என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். ஒன்று ஒரு பெண்ணுடையது. அத்தனை ஆண்கள் நடுவே அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று எனக்குப் பல நாள் யோசனை.

நாவலில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. நாங்கள் எதற்காக இந்தக் குழியைத் தோண்டுகிறோம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அக்கறையில்லை, ஒப்பந்தக்காரனுக்குத்தான் தெரியும் என்கிறான் டெர்மட். வேலைத்தளம் என்றால் அப்படித்தான். வரைபடம் எங்கள் மேசையில் இருக்கும், மண் அவர்கள் தலையில் இருக்கும்.

தேன்மொழி_ப:

வெள்ளோட்டம் ஐயா, அருமை. நூலகக்கிளிக்கு ஒரு கேள்வி. வேலையை எழுதும்போதுதான் மக்கில் நல்ல எழுத்தாளர் என்கிறீர்கள். அப்படியானால் ‘ராட் பிட்’டின் முதல் பகுதியில் வேலை இல்லையா?

காலுறை பின்னும் பெண்கள் அவர்கள். விடியும் முன்பே கடற்கழி ஓரத்தில் வந்து நிற்கிறார்கள், வெறுங்காலோடு, பனிக்காலத்தில். ஓதம் வற்றினால்தான் கழியைக் கடக்க முடியும். வற்றும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை, ஏனென்றால் தாமதமானால் நூல் கிடைக்காது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறார்கள். நடுவில் நோரா, சிறுமி. அக்கரை சேர்ந்து, மைல் கணக்கில் நடந்து ஃபார்லி மெக்கியூன் என்ற வியாபாரியின் வாசலில் நிற்க வேண்டும். கடனுக்கு மாவு கொடுப்பவனும் அவன், நூல் கொடுப்பவனும் அவன், பின்னிய காலுறைக்கு விலை வைப்பவனும் அவன். ஒரு ஜோடிக்கு ஒரு பென்னிக்குச் சற்று மேல்.

கின்லோக்லெவனில் சம்மட்டி அடித்தால் வேலை, இங்கே ஊசி பிடித்தால் வேலை இல்லையா? பின்பகுதியில் கிளாஸ்கோவில் நோரா சட்டை தைக்கிற கூலி வேலையையும் இதே கணக்கோடுதான் எழுதியிருக்கிறார். அவள் தெருவுக்கு வருவது பண்ணையார் மகன் ஏமாற்றியதால் மட்டுமில்லை. தையல் கூலியில் பிள்ளைக்குப் பால் வாங்க முடியாததால். விக்டோரியா நாவல்கள் இந்தக் கணக்கைச் சொன்னதில்லை. பாவம், மீட்பு என்று பேசிவிட்டு நகர்ந்துவிடும்.

இன்னொன்று. ஊரில் கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றதால் ஒதுக்கப்பட்ட ஷீலா கேரல்தான் கிளாஸ்கோவில் நோராவுக்குக் கூரை கொடுக்கிறாள். ஊரும் சர்ச்சும் செய்யாததை அவள் செய்கிறாள். 1915இல் ஓர் ஐரிஷ் கத்தோலிக்கர் இதை எழுதினார் என்றால் ஊர்ப்பக்கம் தலை காட்ட முடியுமா?

கரிசல்வாசி:

தலை காட்ட முடியவில்லை, அதுதான் நடந்தது. பாதிரிமார் பிரசங்க மேடையிலேயே இவரைத் திட்டியிருக்கிறார்கள். முதல் நாவலிலேயே ஒரு பாதிரியார் தன் புது வீட்டுக்கு ஏழைக் குடும்பங்களிடம் வரி மாதிரி பணம் வசூலிப்பார். அந்த வீட்டில் ஒரு கழிவறையும் வரப்போகிறது என்று பேச்சு. கழிவறை என்றால் என்னவென்றே அங்கே யாருக்கும் தெரியாது! எனக்குப் பிடித்த நகைச்சுவை இடம் அதுதான். பாதிரியாருக்குப் பிடித்திருக்க வாய்ப்பில்லை.

அந்த நாவலில் இன்னொரு கசப்பும் உண்டு. டெர்மட் அனுப்பும் பணம் வீட்டுக்குப் போதவே போதாது. கடிதம் வந்தாலே பணம் கேட்டுத்தான் வரும். அப்பா அம்மாவைக் காப்பாற்றத்தான் என்னைப் பெற்றார்களா என்று ஒரு கட்டத்தில் கேட்டே விடுகிறான். அவன் பணம் அனுப்புவதை நிறுத்துகிற பக்கங்களில் மக்கில் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை, அவனுக்கும்கூட.

நூலகக்கிளி:

தேன்மொழி சொன்ன கடற்கழிக் காட்சியை ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல எழுத்து. மொத்த நாவலையும் அது தூக்கி நிறுத்தாது.

ஆனால் அயர்லாந்து மறந்ததற்குப் பாதிரியார் மட்டும் காரணமில்லை. அந்த நேரத்தில் டப்ளினில் கவிஞர் யேட்ஸ் வட்டம் கொண்டாடிய கிராமத்தான் வேறு ஆள். குடிசையில் இருப்பான், பழங்கதை தெரியும், மண்ணோடு ஒட்டி வாழ்வான். மக்கில் எழுதியவன் வருஷத்தில் பாதி நாள் ஸ்காட்லாந்து மாட்டுத்தொழுவத்தில் படுத்து உருளைக்கிழங்கு பொறுக்கியவன். டொனிகாலில் நிறையக் குடும்பம் அப்படித்தான் பிழைத்தது. இலக்கிய மறுமலர்ச்சிக்கு அந்த ஆளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பிறகு போர். 1914இல் லண்டன் ஐரிஷ் ரைஃபிள்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். 1915 செப்டம்பர் 25 பிரான்ஸின் லூஸ் தாக்குதலில் தூக்குக்கட்டில் சுமப்பவராகப் போனார். அவர் பிரிவு ஆட்கள் கால்பந்தை உதைத்துக்கொண்டே ஜெர்மானியர் பதுங்குகுழியை நோக்கி ஓடிய கதை அப்போது நடந்ததுதான். அடுத்த மாதமே இவருக்குக் காயம். 1916 ஏப்ரலில் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுச்சி. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் சீருடை போட்ட ஐரிஷ்காரனைச் சுதந்திர அயர்லாந்து எந்தக் கதையில் சேர்க்கும்?

ஆழ்கடல்7:

போர் புத்தகங்களைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லையே. ‘தி அமெச்சூர் ஆர்மி’, ‘தி ரெட் ஹொரைசன்’, ‘தி கிரேட் புஷ்’, மூன்றும் 1915–16க்குள். ‘கிரேட் புஷ்’ முன்னுரை தொடங்குவதே இப்படி: கொன்றும் முடமாக்கியும்தான் நிறைவேறும் ஒரு நோக்கம் நியாயமானதா என்று துப்பாக்கி ஈட்டித் தாக்குதலில் பிழைத்து வந்தவனுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சீருடையில் இருக்கும் சிப்பாய் எழுதி, அது அச்சிலும் வந்தது.

அதே ஆள் காயம்பட்ட பிறகு எம்ஐ7பி என்ற பிரச்சாரப் பிரிவில் அரசுக்காகக் கட்டுரை எழுதினார். ஏ. ஏ. மில்ன், லார்ட் டன்சனி போன்ற எழுத்தாளர்களும் அங்கே இருந்தார்கள். போரைச் சந்தேகித்த பேனா போருக்கு விளம்பரமும் எழுதியது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

வெள்ளோட்டம்:

சாப்பாடு, சம்பளம், பதுங்குகுழிக்குத் திரும்ப வேண்டாம் என்ற நிம்மதி. எனக்கு இதில் புதிர் எதுவும் தெரியவில்லை. 1915 நவம்பரில் கல்யாணமும் ஆகிவிட்டது அவருக்கு. கூலிவேலை பார்த்தவன் கிடைத்த வேலையைச் செய்வான்.

தேன்மொழி_ப:

ஐயா சொல்வதில் உண்மை இருந்தாலும் கொஞ்சம் சுலபமாக விட்டுவிடுகிறீர்கள். கங்காணிக்கு முன்னால் கைகட்டி நிற்காதவன் என்று தன்னைப் பற்றி ஆயிரம் வரி எழுதியவர் அவர்.

மனைவி மார்கரெட் கிப்பன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அவரும் எழுத்தாளர், காதல் நாவல்கள், அதே ஜென்கின்ஸ் பதிப்பகம். ‘மிஸஸ் பாட்ரிக் மக்கில்’ என்றே சில அட்டைகளில் பெயர் போட்டார்கள். மூன்று மகள்கள். பின்னாளில் குடும்பத்தைச் சுமந்தவர் அவர்தான் என்று படித்தால் தெரிகிறது.

மெட்டுக்காரன்:

எல்லோரும் நாவல் நாவல் என்கிறீர்கள். ஆளை முதலில் ‘மண்வெட்டிக் கவிஞர்’ என்றுதானே உலகம் அறிந்தது?

‘சாங்ஸ் ஆஃப் தி டெட் எண்ட்’, போர்க்காலத்து ‘சோல்ஜர் சாங்ஸ்’ (1917) படித்தேன். கிப்ளிங்கின் தாளம் அப்படியே கேட்கும். குறை சொல்லவில்லை, அது கொட்டகையில் உரக்கப் பாடவேண்டிய கவிதை. கொட்டகையிலும் அழுக்குப் பள்ளத்திலும் உட்கார்ந்து எழுதிய முரட்டு வரிகள் என்று அவரே அறிமுகம் செய்கிறார். ஆனால் அந்த முரட்டு ஆள் கிரீனொக் பக்கம் ரயில் பாதை வேலையில் இருந்தபோது விக்டர் ஹியூகோவும் கார்லைலும் படித்தவர். முதல் தொகுப்பிலேயே லா ஃபொன்டைன், கதே இவர்களின் மொழிபெயர்ப்புகளைச் சேர்த்தவர். முரடன் வேஷம் விற்பனைக்கு உதவியது. லண்டன்காரர்களுக்குக் கைச்சேறு காயாத கவிஞர் தேவைப்பட்டார். அவரும் கொடுத்தார். அந்த வேஷம் அவர் கவிதையை வளரவிடவில்லை என்பது என் எண்ணம்.

கரிசல்வாசி:

மெட்டுக்காரன், பாதி ஒத்துப்போகிறேன். வேஷம் என்றே தள்ளிவிட முடியாது, உடம்பால் செய்த வேலை அது. ஆனால் பழைய சரக்கையே சுற்றிச்சுற்றி வந்தார் என்பது உண்மை. 1923இல் ‘மோல்ஸ்கின் ஜோ’ என்று தனி நாவலே போட்டார். முதல் நாவலில் ஜோ அற்புதமான பாத்திரம். சூதாடி, சண்டைக்காரன். நல்ல காலம் வரத்தான் போகிறது, நாம் இருந்து பார்க்கப்போவதில்லை என்று சொல்லிச் சிரிக்கிறவன். தனி நாவலில் அவனுக்கு முடிவைச் சுபமாக்கப் போய் ஆளையே கெடுத்துவிட்டார்.

‘கிளென்மார்னன்’ (1919) மட்டும் விதிவிலக்கு என்பேன். பத்திரிகையாளன் ஆகிவிட்ட ஒருவன் லண்டனிலிருந்து ஊருக்குத் திரும்பி, சொந்த ஊரோடு ஒட்ட முடியாமல் மறுபடி வெளியேறுகிற கதை.

ஆழ்கடல்7:

அமெரிக்கா போனது ஏன் என்று யாருக்காவது பிடி கிடைத்ததா?

தேன்மொழி_ப:

‘சஸ்பென்ஸ்’ என்ற போர் நாடகம் 1930இல் லண்டனில் மேடையேறியது, படமாகவும் வந்தது. அதே வருஷம் நியூயார்க்கில் போட்டார்கள், ஓடவில்லை. உலகப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். அந்த வருஷம் போனவர்கள் திரும்பவில்லை. 1937இல் ‘ஹெலன் ஸ்பென்சர்’ வந்ததோடு சரி. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய் பிடித்துக்கொண்டது, வறுமை வேறு. அப்புறம் இருபத்தாறு வருஷம் புத்தகமே இல்லை.

அதே 1937 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிர்கின்டில்லொக் ஊரில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. அயர்லாந்தின் அகில் தீவிலிருந்து உருளைக்கிழங்கு பொறுக்க வந்த 10 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். மூத்தவனுக்கு 23 வயது, கடைக்குட்டிக்கு 13. மக்கில் எழுதி 23 வருஷம் கழித்தும் அதே கொட்டகை, அதே வைக்கோல் படுக்கை. ‘பழைய சரக்கு’ என்று கரிசல்வாசி சொன்னார் பாருங்கள், அது அத்தனை பழசாகவில்லை.

நூலகக்கிளி:

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

கிளென்டீஸ் பற்றி ஒரு துணைத்தகவல். பிரையன் ஃப்ரீலின் ‘டான்சிங் அட் லூனசா’ நாடகம் தெரியும்தானே? ஃப்ரீலின் தாயார் ஊர் கிளென்டீஸ்தான். அந்த நாடகத்திலும் இரண்டு சகோதரிகள் வீட்டில் கையுறை பின்னிப் பிழைப்பார்கள். ஆலை வந்ததும் வேலை போய், லண்டனுக்குக் கிளம்பி, அங்கே ஆதரவற்றுச் சாவார்கள். கதை நடப்பது 1936. நோராவின் ஊர்ப்பெண்கள்தான் அவர்களும். ‘ராட் பிட்’டுக்கு நான் கொடுத்த மதிப்பெண்ணைக் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறேன், போதுமா?

வெள்ளோட்டம்:

அந்த ஊரிலேயே 1981 முதல் இவர் பெயரில் கோடைக்காலக் கருத்தரங்கு நடத்தினார்கள். பேரன் அனுப்பிய காணொளிகள் பார்த்தேன். அமைச்சர்கள் வருகிறார்கள், பொருளாதாரம் பேசுகிறார்கள், ஐரோப்பா பேசுகிறார்கள். மண் வெட்டியவனைப் பற்றி நான் பார்த்தவரை ஒருவரும் பேசவில்லை.

மெட்டுக்காரன்:

யாராவது தமிழில் கொண்டுவரலாமே? இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது வருஷம்தான். 1963இல் இறந்தார் என்றால் 2024 ஜனவரி முதல் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மூலம் ‘கூட்டன்பர்க்’ மின்னூல் தளத்தில் கிடைக்கிறது.

ஆழ்கடல்7:

இந்தியாவில் பரவாயில்லை. இலங்கையில் எங்களுக்கு எழுபது வருஷக் கணக்கு, 2033 முடியவேண்டும். யாழ்ப்பாணத்தில் அச்சடிக்கிற எண்ணம் இருந்தால் பொறுக்க வேண்டியதுதான்.

தேன்மொழி_ப:

‘ராட் பிட்’ முதல் மூன்று அத்தியாயம் நான் எடுத்துக்கொள்கிறேன். கடற்கழிக் காட்சியை வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கரிசல்வாசி:

அப்படியென்றால் கிளாஸ்கோ தையல் பகுதி எனக்கு. நூலகக்கிளி, தற்செயல் சந்திப்புகள் வரும் அத்தியாயங்களை உங்கள் தலையில் கட்டலாமா?

நூலகக்கிளி:

கட்டுங்கள். ஆனால் நான் ஒன்றிரண்டு சந்திப்பை வெட்டிவிட்டால் யாரும் கேட்கக் கூடாது.

தேன்மொழி_ப:

கேட்போம்.